அதோ பாரு காக்கா: கர்ப்பப்பைப் பரிசோதனையும் வி.ஆர். கண்ணாடியும்

தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் எங்கள் ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரே குரல்தான் கேட்கும். "அதோ பாரு காக்கா! எங்க காக்கா? அதோ பாரு!" பாட்டி சன்னல் பக்கம் கையைக் காட்டுவாள், குழந்தை கழுத்தைத் திருப்பும். அதற்குள் ஊசி தொடையில் இறங்கி வெளியே வந்திருக்கும். அழாத குழந்தை கிடையாது. ஆனால் காக்காவைத் தேடிய குழந்தை சீக்கிரம் அழுகையை நிறுத்திவிடும். இரண்டு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்த குழந்தை, அடுத்த முறை வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே வீறிட்டுக் கத்தும்.

தர்மபுரி மாவட்டத்தில் இருபத்தேழு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பெண்கள் நோய்ப் பிரிவு. ஓய்வு பெற்ற பிறகு, சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குத் துணையாக பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அங்கேதான் முதல்முறையாக ஒரு பெண் கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கர்ப்பப்பைப் பரிசோதனைக்குப் படுத்திருப்பதைப் பார்த்தேன். அதற்குப் பெயர் வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) கண்ணாடி. பத்திரிகைத் தமிழில் மெய்நிகர் கண்ணாடி. பார்த்ததும் எனக்கு அந்தக் காக்காதான் ஞாபகம் வந்தது. பெரியவர்களுக்காக, அதுவும் பெண்களுக்காக, யாரோ ஒருவர் மெனக்கெட்டு ஒரு காக்காவைச் செய்திருக்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, யாருக்கு உதவும், எங்கே உதவாது என்பதை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் வலி

வலி என்றால் அடிபட்ட இடத்தில் இருப்பது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராகிக் கதிர் அறுக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அரிவாள் விரலைக் கீறியது, வரப்பில் உட்கார்ந்து சொம்பைத் தூக்கும்போதுதான் தெரியவரும். ரத்தம் காய்ந்தே போயிருக்கும். காயம் பட்டது பத்து மணிக்கு, வலி வந்தது பதினொன்றுக்கு. நடுவே அந்த ஒரு மணி நேரம் வலி எங்கே போயிருந்தது?

இதற்கு ஒரு நல்ல விளக்கத்தை 1965-ல் இரண்டு பேர் சொன்னார்கள். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், இங்கிலாந்தைச் சேர்ந்த நரம்பியல் ஆய்வாளர் பேட்ரிக் வால். முதுகுத்தண்டில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தி அந்தக் கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போக வேண்டும். கதவு எப்போதும் ஒரே அளவு திறந்திருப்பதில்லை. முழங்கை இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்க்கிறோம் அல்லவா? தேய்க்கும்போது தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் முந்திக்கொண்டு கதவைக் கொஞ்சம் சாத்துகின்றன. மேலேயிருந்து மூளையும் கதவைச் சாத்தும், திறக்கும். கவனம் வேறு வேலையில் இருந்தால் சாத்துகிறது. பயந்து, "இதோ வரப்போகுது, இதோ வரப்போகுது" என்று காத்திருந்தால் அகலத் திறந்துவிடுகிறது. அவர்கள் சொன்னதில் நுணுக்கமான சில பகுதிகள் பின்னால் திருத்தப்பட்டன. அடிப்படை இன்றும் நிற்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வலியில் மனசுக்குப் பங்கு உண்டு என்றால், வலி பொய் என்று அர்த்தமில்லை. "எல்லாம் மனசுலதான் இருக்கு, பொறுத்துக்கோ" என்ற பேச்சை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சொல்லியிருக்கிறேன், அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979-லேயே வலியை உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்று வரையறுத்தது. 2020-ல் அதைத் திருத்தியபோதும் அந்த இரண்டையும் பிரிக்கவில்லை. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

கர்ப்பப்பை வலி எந்த மாதிரி வலி

கர்ப்பப்பைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தோலில் கீறினால் சுருக்கென்று தெரிவது போல அங்கே தெரியாது. இழுத்தால், விரித்தால், உள்ளே எதையாவது நுழைத்தால் அது இறுகிச் சுருண்டு பிசையும். மாதவிலக்கு முதல் நாள் வரும் பிசைவு போல, சில பேருக்கு அதைவிடப் பல மடங்கு. சிலருக்கு வலியோடு வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி, நாடி இறங்கிவிடும். கர்ப்பப்பை வாயைத் தொடும்போது ஏற்படும் நரம்பு எதிர்வினை அது. பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

இன்னொன்று. கர்ப்பப்பை வாயிலிருந்து வலி போகும் நரம்பு வழி வேறு, மேல் பகுதியிலிருந்து போகும் வழி வேறு. வாயிலிருந்து கிளம்புவது இடுப்புக்குக் கீழே திருவெலும்பு மட்டத்தில் தண்டுவடத்தில் சேரும். மேல் பகுதியின் வலி அதைவிட உயரத்தில், முதுகின் கீழ்ப்பகுதியில் போய்ச் சேரும். அதனால்தான் கர்ப்பப்பை வாயில் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகும், குழாய் உள்ளே மேலே போகும்போது சிலர் துடிக்கிறார்கள். "ஊசிதான் போட்டாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்பது நியாயமில்லை.

மயக்க மருந்து கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி போன்றவற்றுக்கு இந்தக் கண்ணாடிப் பேச்சே தேவையில்லை, நீங்கள் தூங்கிவிடுவீர்கள். விழித்திருக்கும்போதே செய்வதுதான் நம் விஷயம். கர்ப்பப்பைக்குள் மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபி, உள்சதையைக் கொஞ்சம் எடுக்கும் பயாப்ஸி, குழந்தை இல்லை என்று வருபவர்களுக்கு மருந்து செலுத்திக் கருக்குழாயை எக்ஸ்ரே எடுக்கும் டியூப் டெஸ்ட், கருத்தடைக்காகக் காப்பர் டி போடுவது, கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி, பிரசவத்துக்குப் பின் தையல் போடுவது. பெரும்பாலும் ஐந்து நிமிடம் முதல் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த நிமிடங்கள் படுத்திருப்பவளுக்கு எவ்வளவு நீளம் என்பது நிற்பவர்களுக்குத் தெரியாது.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நாற்பத்தாறு வயது, நான்கு மாதமாகப் பெரும்பாடு. ரத்தம் ஏழு கிராமுக்கு இறங்கியிருந்தது. உள்சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். காலைத் தூக்கி வைக்கும் டேபிளில் ஏறிப் படுத்தவர் இரண்டு முழங்காலையும் பூட்டுப் போட்டது போல ஒட்டிவைத்துக்கொண்டார். "ஏம்மா, உள்ள கத்தி போடுவாங்களா?" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது. வெளியே நாற்பது பேர் வரிசையில். டாக்டர் கையுறையைப் போட்டுக்கொண்டு, "காலை அகட்டுங்க, அகட்டுங்க" என்கிறார். அகட்டச் சொல்லச் சொல்ல அவர் இறுக்குகிறார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "அக்கா, மாந்தோப்பு இருக்குதுன்னீங்களே, எத்தனை மரம்?" என்றேன்.

"பன்னெண்டு."

"எல்லாம் பெங்களூராவா?"

"எட்டு பெங்களூரா. ரெண்டு செந்தூரா. ரெண்டு... நீலம். நீலம் இந்த வருசம் பூவே வெக்கல."

தொடை லேசாகத் தளர்ந்தது. டாக்டர் பார்த்துக்கொண்டார், ஒன்றும் சொல்லாமல் கருவியை வைத்தார். நான் விலையைக் கேட்டேன். கூழ் ஃபேக்டரிக்காரர்கள் டன்னுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று அந்த அம்மா ஆத்திரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது சதையெடுப்பு முடிந்துவிட்டது. நடுவில் ஒரு தடவை "ஆ" என்று பல்லைக் கடித்தார். வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன மாதம் வேறொரு இடத்தில் இதே டெஸ்ட்டுக்குப் படுத்துவிட்டு முடியாமல் எழுந்து ஓடிவந்தவர் அவர்.

பயந்தால் தசை இறுகும், தசை இறுகினால் கருவி அழுத்தும், அழுத்தினால் வலிக்கும், வலித்தால் இன்னும் பயம். இந்தச் சுற்றை, போன நூற்றாண்டின் முற்பாதியில் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் பிரசவ வலியை வைத்து எழுதிக்காட்டினார். எங்கள் டேபிளில் அதைத் தினமும் பார்த்தோம்.

கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது

நீச்சல் கண்ணாடியைப் பெரிதாக்கிக் கனமாக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. உள்ளே கண்ணுக்கு எதிரே சின்னத் திரை, அதற்கு முன்னால் இரண்டு லென்ஸ். நம் இரண்டு கண்ணும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்ப்பதால்தான் தூரம், கிட்டம், ஆழம் எல்லாம் தெரிகிறது. இந்தக் கண்ணாடியும் ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படத்தைக் காட்டுகிறது. மூளை இரண்டையும் சேர்த்து, "ஓ, எதிரே ஏரி இருக்கு" என்று நம்பிவிடுகிறது. தலையைத் திருப்பினால் உள்ளிருக்கும் உணர்கருவிகள் அந்த அசைவை அளந்து படத்தையும் அதே வேகத்தில் திருப்புகின்றன. இடது பக்கம் பார்த்தால் இடது கரை, மேலே பார்த்தால் வானம்.

"அதுக்கு ஒரு டி.வி.யை மாட்டினா போதாதா?" என்று என் தங்கை கேட்டாள். டி.வி.க்கு ஓரம் இருக்கிறது. ஓரத்துக்கு வெளியே ஸ்டீல் டிரே தெரியும், டாக்டர் கையில் எடுக்கும் நீளமான கம்பி தெரியும். இடுக்கியை டிரேயில் போடும் "டங்" சத்தம் கேட்கும். நான் பார்த்தவரையில் அந்தச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடாத பெண் குறைவு. கண்ணாடியில் ஓரமே இல்லை, காதில் ஹெட்ஃபோன் வேறு. அறை மறைந்துவிடுகிறது. மூளைக்குக் கவனம் ஒரு பானைத் தண்ணீர் மாதிரி, இங்கே ஊற்றினால் அங்கே குறையும்.

அன்று பெங்களூரில் அந்தப் பெண் எழுந்து போன பிறகு, அங்கிருந்த சிஸ்டர் எனக்கும் மாட்டிக் காட்டினார். நானும் நர்ஸ் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு பிரியம். முதல் தொல்லை என் கொண்டை. பின்பக்கப் பட்டை கொண்டை மேல் ஏறிக்கொண்டு நிற்கவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பக்கவாட்டில் பின்னிக்கொள்ள வேண்டியிருந்தது. தலையில் பூ வைத்துக்கொண்டு போனால் கசங்கிவிடும். முகத்தில் படும் இடத்தில் மெல்லிய காகித உறை போட்டார், ஆளுக்கு ஒன்று. எனக்கு முன்னால் இருந்தவரின் உறையில் குங்குமம் வட்டமாக ஒட்டியிருந்தது, அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கிருமிநாசினித் துணியால் துடைத்தார். இந்தத் துடைப்பை நான் கூர்ந்து பார்த்தேன். தலைக்குத் தலை மாறும் எந்தப் பொருளிலும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

படுத்துக்கொண்டதும் வெறும் வானம்தான் தெரிந்தது. கடல் என்றார்கள், கடலைக் காணோம். கடல் என் கால்மாட்டில் இருந்திருக்கிறது! நிற்பவருக்காக எடுத்த படம் அது. சிஸ்டர் ஒரு பொத்தானை அழுத்தியதும் கடல் மெல்ல எழுந்து விட்டத்துக்கு வந்தது. படுத்திருப்பவருக்குப் படத்தைத் திருப்பி வைக்கத் தெரியாத இடத்தில் இந்தக் கண்ணாடியால் கழுத்து வலிதான் மிச்சமாகும்.

பிறகு ஒரு வெளிச்சப் பந்து வந்தது. அது விரியும்போது மூச்சை இழுக்க வேண்டும், சுருங்கும்போது விட வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளம். நான்காவது மூச்சிலோ ஐந்தாவது மூச்சிலோ என் கையில் பி.பி. பட்டை கட்டி இறுக்கியிருக்கிறார்கள். எப்போது கட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் ஊரார் கையில் பட்டை கட்டியவள் நான்.

ஒகேனக்கல் பரிசலை இப்படிப் படம் பிடித்துப் போட்டால் நம் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அது தவறு. பரிசல் சுற்றும். கண் சுற்றுகிறது என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நான் அசையாமல் படுத்திருக்கிறேன் என்கிறது. இந்தச் சண்டையில் குமட்டல் வரும். பயணத்தில் வாந்தி எடுப்பவர்களுக்கு நிச்சயம் வரும். கேமரா ஒரே இடத்தில் நிற்க, காற்றும் தண்ணீரும் மட்டும் அசைகிற காட்சிதான் நல்லது. விடியற்காலை மாந்தோப்பு, கிருஷ்ணகிரி அணைக்கட்டுத் தண்ணீர், தீர்த்தமலை அடிவாரம், இவையெல்லாம் பொருந்தும். கூடவே பேசும் குரலும் முக்கியம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ள பெண்கள் ஏராளம். ஆங்கிலத்தில் "மூச்சை இழுங்கள்" என்று ஒரு குரல் சொன்னால், அதைப் புரிந்துகொள்ளும் சிரமமே இன்னொரு பயமாகிவிடும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இந்த முறை முதலில் வந்தது பெண்கள் பிரிவில் அல்ல, தீக்காயப் பிரிவில். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990-களின் பிற்பாதியில் தொடங்கினார்கள். தீக்காயத்தில் கட்டு மாற்றுவது எவ்வளவு கொடுமை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மார்ஃபின் மாதிரியான மருந்து கொடுத்தும் அலறுவார்கள். அவர்களுக்காகவே ஒரு பனி உலகத்தைச் செய்தார்கள். பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பனி உருண்டை எறியலாம். நெருப்பின் நினைவுக்கு நேர் எதிரான இடம். 2004-ல் வெளியான ஆய்வில், தாங்கக்கூடிய அளவு சூட்டு வலி கொடுத்து மூளையை ஸ்கேன் எடுத்தபோது, கண்ணாடி போட்டிருந்த நேரத்தில் வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளின் வேலையே குறைந்திருந்தது. வலியை மறைத்துக்கொண்டு சிரித்ததல்ல, உள்ளேயே குறைந்தது.

பெண்கள் பிரிவில் 2021-ல் பிரிட்டனிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. மயக்கம் கொடுக்காமல் ஹிஸ்டரோஸ்கோபி செய்துகொண்ட 40 பெண்களைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பாதிக்குக் கண்ணாடி கொடுத்தார்கள், மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் கேட்டபோது, கண்ணாடி இல்லாதவர்களுக்குச் சராசரி 6, இருந்தவர்களுக்கு 3.7. பதற்றமும் குறைந்திருந்தது. ஈரானில் அதற்கு முன்பே, முதல் பிரசவத்துக்குப் பின் தையல் போடும்போது இப்படிக் கண்ணாடி கொடுத்துப் பார்த்ததில் வலி குறைந்தது என்று 2015-ல் எழுதினார்கள்.

ஆனால் எல்லா ஆய்வும் இப்படி இல்லை. பிரான்ஸில் காப்பர் டி போன்ற சாதனம் போடும்போது கொடுத்துப் பார்த்ததில் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. எனக்கு இது ஆச்சரியமாகத் தெரியவில்லை. காப்பர் டி உள்ளே போகும் அந்தக் கூர்மையான பிசைவு ஒரு சில விநாடிதான். அப்போது எந்த ஏரியும் மாந்தோப்பும் மறந்துபோகும். மெதுவாக நீண்டுபோகும் பரிசோதனையில் கவனத்தைத் திருப்ப நேரம் கிடைக்கிறது.

ஆய்வுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாத்திரை ஆய்வில் வெறும் மாவு மாத்திரை கொடுத்து யாருக்கு எது என்று மறைக்கலாம். கண்ணாடியை எப்படி மறைப்பது? போட்டவருக்குத் தெரியும், போடாதவருக்கும் தெரியும். "எனக்கு ஏதோ விசேஷமாகச் செய்கிறார்கள்" என்ற நம்பிக்கையே வலியைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். அதனால் இதை வலிமருந்துக்குப் பதிலாக அல்ல, வலிமருந்தோடு கூடச் சேர்க்கும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். "கண்ணாடி மாட்டியாச்சு, ஊசி வேண்டாம்" என்று ஒரு மருத்துவமனை சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணைக் கட்டுவது சின்ன விஷயமில்லை

இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிக ஆசை. இடுப்புக்குக் கீழே துணி இல்லாமல், கால்களைத் தூக்கி வைத்துப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் கண்ணையும் காதையும் மூடுகிறோம். சில பேருக்கு அது விடுதலை. அந்த அறையையும் தன் கோலத்தையும் பார்க்காமல் இருப்பதே பாதி நிம்மதி. சில பேருக்கு அதுதான் பெரிய பயம். யார் உள்ளே வந்தார்கள், யார் தொடுகிறார்கள், கதவு சாத்தியிருக்கிறதா என்று தெரியாது. வீட்டிலோ வெளியிலோ பலாத்காரத்தை அனுபவித்த பெண்ணுக்கு அந்த இருட்டில் பழையது எல்லாம் திரும்பி வரலாம். அவள் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள், "எனக்கு வேண்டாம்" என்று மட்டும்தான் சொல்வாள். அந்த ஒரு சொல் போதும். காரணம் கேட்கக்கூடாது.

போட்டுக்கொள்பவர்களுக்கும் சில உறுதிகள் முன்கூட்டியே தர வேண்டும். அறையில் இருப்பவர் யார் யார் என்று சொல்ல வேண்டும். மாணவர்கள் நின்று பார்ப்பதானால் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான். ஒரு பெண் ஊழியர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அவளுடைய ஒரு கை நர்ஸின் கையில் இருக்க வேண்டும். கையைத் தூக்கினால் டாக்டர் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். தூக்கிப் பார்க்க ஒத்திகையும் ஒரு தடவை செய்துவிட வேண்டும். கருவி வைப்பதற்கு முன், "இப்ப தொடப்போறேன், சில்லுனு இருக்கும்" என்று சொல்வது கண்ணாடி போட்டவளுக்கும் கேட்கும்படி ஹெட்ஃபோன் சத்தம் குறைவாக இருக்க வேண்டும்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. பெண் சத்தம் போடாமல் படுத்திருந்தால் கை வேகம் கூடும். கண்ணாடியால் அமைதியாக இருப்பவளை, வலியே இல்லாதவள் என்று எடுத்துக்கொண்டு அவசரப்படுவது நடக்கும். அதனால் பக்கத்தில் நிற்பவர் படத்தைப் பார்க்காமல் அவள் கால்விரல்களைப் பார்க்க வேண்டும். விரல் மடங்கினால் வலிக்கிறது.

சிலருக்கு இந்தக் கண்ணாடி கூடவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள், ஒற்றைத் தலைவலி கடுமையாக உள்ளவர்கள், சமீபத்தில் கண் அறுவை செய்துகொண்டவர்கள், வாந்தி குமட்டலோடு வந்தவர்கள். முகத்தில் புண், கண்நோய் இருந்தாலும் வேண்டாம். பவர் கண்ணாடி போடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சில கருவிகளில் மேலே போட்டுக்கொள்ள இடம் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

நம் பக்கத்தில் இதற்கு என்ன வேலை

வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஒரு பெண் டேபிளில் வந்து படுத்தே ஆக வேண்டும். 2030-க்குள் 100 பெண்களில் 70 பேராவது 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் இன்னொரு முறையும் இந்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. முதல் தடவை வலித்து அவமானப்பட்டுப் போனவள் இரண்டாம் தடவை வருவாளா? வரமாட்டாள், மருமகளையும் அனுப்பமாட்டாள். அதைத்தான் நான் கண்ணால் கண்டேன்.

நம் சுகாதார நிலையங்களில் செய்வது எளிய முறை. கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரியான அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீத அளவில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்திருந்து, வெள்ளைத் திட்டு வருகிறதா என்று பார்ப்பது. லேசான எரிச்சல், கருவியின் அழுத்தம், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்துக்கு வி.ஆர். கண்ணாடி தேவையே இல்லை. பேச ஓர் ஆள் வேண்டும். கருவியை வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டி எடுக்க வேண்டும், சரியான அளவுக் கருவி வேண்டும், மறைப்புத் திரை வேண்டும். அரூர் தாலுகா சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி 1993-ல் வந்து மருத்துவமனை தொடங்கியபோது, உள்ளூர் மலைவாழ் பெண்களையே பயிற்சி கொடுத்து நர்ஸுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். சொந்த ஊர்க்காரி, சொந்தப் பேச்சில் "பயப்படாத" என்று சொல்வதற்கு இருக்கும் பலம் பெரிது.

கண்ணாடி வாங்கும் வசதி உள்ள இடங்கள் வாங்கட்டும். நல்ல ஸ்மார்ட்போன் வாங்கும் செலவில் ஒன்று வாங்கிவிடலாம். நான் கேட்டுக்கொள்வது, ஹிஸ்டரோஸ்கோபியும் பயாப்ஸியும் அதிகம் நடக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் முதலில் வைக்கட்டும். அங்கேதான் நேரம் நீளம், வலியும் கூடுதல்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி ஒரு பரிசோதனை எழுதிக்கொடுத்திருந்தால், ஓ.பி.யிலேயே கேட்டுவிடுங்கள். எவ்வளவு நேரம் ஆகும், மயக்கம் உண்டா, மரத்துப்போகும் ஊசி உண்டா, ஒரு மணி நேரம் முன்னால் வலிமாத்திரை போட்டுக்கொள்ளலாமா. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் சொல்லாமல் எந்த மாத்திரையும் போடாதீர்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லாவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பசியோடு படுத்தால் கண் இருட்டுவது அதிகம். வி.ஆர். கண்ணாடி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் போனிலேயே பிடித்த பாட்டும் ஒரு ஹெட்ஃபோனும் எடுத்துப் போங்கள், போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள். "நடுவுல நிறுத்தச் சொன்னா நிறுத்துவீங்களா டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

முடிந்ததும் கண்ணாடியைச் சட்டென்று கழற்றி எழுந்து நிற்க வேண்டாம். கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருங்கள், பிறகு ஒருக்களித்து, உட்கார்ந்து, மெதுவாக இறங்குங்கள். அந்த நாள் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு தொப்பூர் கணவாய் வழியாகத் தனியாகத் திரும்பாதீர்கள். துணைக்கு வந்தவர் ஓட்டட்டும், இல்லையென்றால் பஸ். ஓரிரு நாள் லேசாக ரத்தம் படுவதும் அடிவயிறு பிசைவதும் சாதாரணம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்கள்.